ஏழாவது குழி

கோலார் தங்கவயலில் ஒரு சுரங்க ஆபீசில் நான் ரைட்டராக இருந்தபோது, ஒரு சாவு விசாரணையில் மொழிபெயர்ப்பாளனாக நிற்க நேர்ந்தது. பைபிளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். இரண்டு மணி நேரம் கழிவதற்குள் அந்தச் சத்தியத்தை மீறினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எதையும் தருவதாக யாரும் ஆசை காட்டவில்லை. நல்ல காரியம் ஒன்றைச் செய்கிறேன் என்ற நினைப்போடுதான் செய்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்காரும்போதும், அந்த நினைப்புதான் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். என் தகப்பனார் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்ததால் எனக்குப் பேனா கிடைத்தது. எங்கள் ஏரிக்கு அடுத்த கரையில் பிறந்தவர்களுக்குச் சம்மட்டி கிடைத்தது. பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கி நாங்கள் எல்லோரும் ஒரே மண்ணுக்குத்தான் வந்தோம். ஆனால் அவர்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போனார்கள், நான் தகரக் கூரை போட்ட ஆபீசில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். துரைமார் எழுதும் உத்தரவுகளைத் தமிழில் எழுதி ஒட்டுவதும், ஆட்கள் சொல்லும் முறையீடுகளை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. இரண்டு பாஷை தெரிந்தவன் நடுவில் நின்றால், இரண்டு பக்கத்தாருமே அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த வயதில் அது எனக்குப் பிடித்திருந்தது.

சுரங்கத்துக்குள் நான் போனது ஒரே ஒரு தடவை. கேஜ் இறங்கியதும் காது அடைத்துக்கொண்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேர்த்து வழியும் முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேலே வந்த பிறகு மறுபடி போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் போகவில்லை. அங்கே கீழே யார் யாரோடு எந்தப் பாஷையில் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக்கூட நான் யோசித்துப் பார்த்ததில்லை. அது எவ்வளவு பெரிய அறியாமை என்று பின்னால் தெரிந்தது.

செத்துப்போனவர் சம்மட்டி ஆள். முப்பது வயதுகூட இருக்காது. ஒன்பதாம் லெவலில் பிற்பகல் ஷிப்டுக்குப் போனவர், துளைக்கும் கம்பியைப் பாறையில் வைத்து அடிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெடியில் சிதறிப்போனார். வெடி வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு ஷிப்டு ஆட்கள் பாறையில் குழிகள் துளைத்து, டைனமைட் வைத்து, திரி கொளுத்திவிட்டுத் தள்ளிப்போய் நிற்பார்கள். எத்தனை குழி வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். எண்ணுவார்கள். ஒரு சத்தம் குறைந்தால் ஒரு குழி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் அடுத்த ஷிப்டு ஆள் அதில் கம்பியை வைத்தால் அவன் கதை முடிந்தது.

அன்று காலை ஷிப்டில் அதே இடத்தில் குழி துளைத்து வெடி வைத்தவர் செத்தவருடைய மைத்துனர், அதாவது அவர் மனைவியின் அண்ணன். அவரும் சம்மட்டி ஆள்தான், நாற்பது வயது இருக்கும். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். விசாரணையில் முக்கியமான சாட்சி அவர்தான். ஒரு குழி வெடிக்காமல் நின்றது மேலே யாருக்காவது தெரியுமா, யாராவது ஷிப்டு கேப்டனிடம் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. கேப்டன் என்றால் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர், கீழே அந்த ஷிப்டுக்கு அவர் சொல்வதுதான் சட்டம். சுரங்க ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு பேச்சு, ஆபீசில் ஒரு பேச்சு. கேப்டனுக்குத் தெரியும் என்பது லைன் பேச்சு, செத்தவரே பார்த்து அடித்திருக்க வேண்டும் என்பது ஆபீஸ் பேச்சு.

விசாரணைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவர் எங்கள் தட்டி வீட்டு வாசலில் குந்தியிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் செம்பைத் தொடவில்லை.

"நாளைக்கு நீங்கதான ரைட்டரே, துரைகிட்ட எடுத்துச் சொல்லப் போறது?"

"ஆமாண்ணா."

"நான் சொல்றத அப்படியே சொல்லிடுவீங்கதான?"

"அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க. இன்னா சொல்லப் போறீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். வலது கட்டை விரல் நகம் கறுத்துப் போயிருந்தது. அதையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த அங்கதான் சொல்லணும் தம்பி. என்னால ஒரு வாட்டிதான் சொல்ல முடியும். ரெண்டாவது வாட்டி வாய் வராது."

நான் சரி என்றேன். அவர் மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குள் நுழைந்ததும் ஹெட் ரைட்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். சென்னைப் பட்டணத்துக்காரர். மெதுவாகப் பேசுகிறவர். எனக்கு அந்த வேலை கிடைத்ததே அவரால்தான். தன் மேஜை மேலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே பேசினார்.

"இன்னிக்குச் சாட்சி சொல்லப் போற ஆள் பாவம்பா. தங்கச்சி குடும்பத்தையும் இனிமே அவன்தான் தாங்கணும். ஆத்திரத்துல கேப்டனைப் பத்தி ஏதாவது சொல்லி வெச்சான்னா வேலை டிக்கெட்டைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும்."

"அவரு சொல்றதைத்தானே நான் சொல்லணும்?"

"நான் மாத்திச் சொல்லுன்னா சொன்னேன்? நீ படிச்சவன். ஒரு வார்த்தையை எங்க வைக்கணும், எங்க வைக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? பாத்துக்கோ. அவ்வளவுதான்."

அவரைக் கேப்டன் அனுப்பினாரா, மானேஜர் அனுப்பினாரா, அவராகவே பேசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் குரலில் இருந்த இரக்கம் நடிப்பு இல்லை என்று மட்டும் தெரியும்.

ஆபீசை ஒட்டிய நீண்ட தகரக் கொட்டகையில் விசாரணை. சர்க்கார் அனுப்பிய அதிகாரி ஒரு இங்கிலீஷ்காரர். கன்னடம் கொஞ்சம் பேசுவார், தமிழ் தெரியாது. பக்கத்தில் மில்லின் உலக்கைகள் பாறையை இடித்துக்கொண்டே இருந்ததால் எல்லோரும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். சுவரோரம் ஒரு நாற்காலியில் கேப்டன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் பக்கம் லைன் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று நான் சத்தியம் செய்தேன்.

முதலில் செத்தவருடைய மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் நேராக நின்று பதில் சொன்னாள். புருஷன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், குடித்திருந்தாரா, உடம்பு சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். குடிக்கவில்லை என்றாள். கேழ்வரகுக் களி தின்றுவிட்டுப் போனார் என்றாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காட்டிய உடலை எப்படி அடையாளம் கண்டாய் என்று கேட்டார்கள். இடது காலைப் பார்த்து என்றாள். அந்தக் கால் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்ததாம். அதை நான் வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் போய் உட்காரச் சொன்னார். சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்து அவள் அண்ணன். அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏழு குழி வெச்சோம். நின்னு எண்ணினேன். ஆறு சத்தம்தான் கேட்டுது. கேப்டன் அந்தாண்ட நின்னுக்கினு இருந்தாரு. ஒண்ணு வெடிக்கலன்னு சொன்னேன். போ போன்னு கையால காட்டினாரு. மறுபடியும் சொன்னேன். அடுத்த ஷிப்டுக்காரன் துளைப்பான், நீ போன்னுட்டாரு."

கொட்டகைக்குள் ஒரு சலசலப்பு. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையை உயர்த்தி, இன்னும் இருக்கிறது என்பது போலக் காட்டினார்.

"கேஜாண்ட வந்தேன். எம் மச்சான் எதிர வந்தான். சிரிச்சிக்கினே, 'மாமா, பொகை எறங்கிடுச்சா'ன்னு கேட்டான். நான் அவன்கிட்ட சொல்லல. பெரிய மனுசன்கிட்ட சொல்லியாச்சு, அவரு பாத்துக்குவாருன்னு கேஜ்ல ஏறிட்டேன். பசி. வூட்டுக்குப் போவணும்னு இருந்துது. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் உசுரோட கீறான். கேப்டன் மேல பாதி, எம் மேல பாதி. ரெண்டையும் எழுதிக்கச் சொல்லுங்க."

தரையில் உட்கார்ந்திருந்த தங்கை அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கு இது அதுவரை தெரியாது. சாவுக்குப் பிறகு பதினோரு நாள் ஒரே கூரைக்கு அடியில் இருந்த அண்ணன், அவளுக்கும் சேர்த்து அந்த இடத்தில்தான் முதல் தடவையாகச் சொன்னார். அவள் அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த நிமிஷத்தில் என் மனசு கலங்கிவிட்டது.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். கேப்டனைப் பற்றிச் சொன்னால் இவருக்கு வேலை போகும். தன்னைப் பற்றிச் சொன்னதை மொழிபெயர்த்தால் இவர்மேலேயே குற்றம் விழும். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. இரண்டு குடும்பம். பள்ளியில் எங்களுக்கு நீதி சாஸ்திரம் கற்பித்த வாத்தியார் இரண்டு வழி சொல்லியிருந்தார். விளைவைப் பார்த்து நடப்பது ஒன்று. விளைவு எதுவானாலும் கடமையைச் செய்வது ஒன்று. பரீட்சையில் இரண்டாவதே மேல் என்று இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க்கு வாங்கியவன் நான். அங்கே நின்றபோது முதல் வழிதான் அன்பு என்று தோன்றியது. அதில் என் பயமும் கொஞ்சம் கலந்திருந்ததா? இருந்திருக்கும். ஹெட் ரைட்டர் காலையில் பேசியிருக்காவிட்டால் எனக்கு அந்த அன்பு வந்திருக்குமா? தெரியாது.

நான் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: ஏழு குழி வைத்தோம், ஆறு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் எனக்கு நிச்சயமில்லை. அதனால் யாரிடமும் தெளிவாகச் சொல்லவில்லை. மச்சானை இழந்த துக்கத்தில் என்னையே நொந்துகொள்கிறேன்.

அழகான இங்கிலீஷ். அதிகாரி எழுதத் தொடங்கினார். கேப்டன் மடியிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நோ சார்."

யார் பேசியது என்று எனக்கு உடனே புரியவில்லை. அதிகாரி நிமிர்ந்தார். சம்மட்டி ஆள் இப்போது என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நோ சார். ஐ ஷூர். சிக்ஸ் ஃபயர், ஒன் நோ ஃபயர். ஐ டெல் கேப்டன். டூ டைம் டெல். கேப்டன் சே, யூ கோ." தன் நெஞ்சில் கையால் இரண்டு தடவை தட்டினார். "மீ ஆல்சோ பேட். மை பிரதர் கம், ஐ நோ டெல். ரைட் தட், சார். ரைட்."

மில் மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. பத்து வருஷம் கேப்டன்களோடு பாறைக்கு அடியில் வேலை செய்தவருக்கு இங்கிலீஷ் காதில் விழாமலா இருந்திருக்கும்? அந்தச் சாதாரண விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அவரைக் காப்பாற்ற வேண்டிய ஆள் என்று நினைத்தேனே தவிர, கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் என்று நினைக்கவில்லை.

அதிகாரி முதலில் கேப்டனைக் கேட்டார். இந்த ஆள் உங்களிடம் சொன்னானா? மறுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கேப்டன் எழுந்து நின்று, மிகவும் சாதாரணமாக, "சொல்லியிருக்கலாம். இவர்கள் தினமும் இப்படி ஏதாவது சொல்வார்கள். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வண்டிக் கல்லும் மேலே போகாது" என்றார். அவர் குரலில் குற்றம் செய்த கூச்சமே இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆள் தமிழிலும் இதைத்தான் சொன்னானா?"

"ஆமாம், சார்."

"நீ வேறு மாதிரி சொன்னாய்."

"ஆமாம், சார்."

"ஏன்?"

அவருக்கு நல்லது செய்ய நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முன்னால் பேசிய பெண் சொன்னதையும் மாற்றினாயா?"

"இல்லை, சார். சத்தியமாக இல்லை."

"உன் சத்தியத்தை நான் பார்த்துவிட்டேனே" என்றார். அதுவரை எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோலாரிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளர் வந்ததும் எல்லா சாட்சியும் முதலிலிருந்து திரும்ப எடுக்கப்படும் என்று உத்தரவு போட்டுவிட்டு எழுந்தார்.

எல்லா சாட்சியும் என்றால் அந்தப் பெண்ணும்தான். அந்த இடது காலைப் பற்றி மறுபடி அவள் சொல்ல வேண்டும். ஒரு வாட்டிதான் சொல்ல முடியும் என்று என்னிடம் வந்து சொன்னவர் இரண்டாவது வாட்டி சொல்ல வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்தபடி நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஹெட் ரைட்டர் வந்து தோளைத் தொட்டபோது திடுக்கிட்டுத் திரும்பினேன்.

மூன்று நாள் கழித்துக் கோலாரிலிருந்து கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒரு வயதானவர் வந்தார். நான் உள்ளே போக அனுமதி இல்லை. தகரச் சுவருக்கு வெளியே நின்று கேட்டேன். அவர் இங்கிலீஷ் என்னுடையதைப் போல அழகாக இல்லை. கல்லை எடுத்து வைப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். அண்ணன் பாதியில் நின்றுவிட்டால் அவரும் நின்றுவிடுவார். "பசி" என்று அவர் சொன்னால் இவரும் பசி என்றுதான் சொன்னார். விளக்கம் சொல்லவில்லை. இதைச் செய்வதற்கு இவ்வளவுதான் வேண்டும் என்பது எனக்கு அடி போல விழுந்தது.

விசாரணை முடிந்து அவர்கள் வெளியே வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நடந்தார். தங்கை நின்றாள்.

"ஏன் ரைட்டரே, எங்கண்ணன் செஞ்ச தப்ப நீங்க எதுக்கு மூடினீங்க?"

"அவருக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னுதாம்மா..."

"அவன் மேல எனக்கு வயிறு எரியுது. அவன் மொகத்தப் பாக்க முடியல. ஆனா அவன் ஜனங்க முன்னால சொன்னான் பாருங்க, அத்த வெச்சித்தான் ஒரு நாளைக்காவது அவன மன்னிப்பேன். நீங்க அதையும் எடுத்துக்கப் பாத்தீங்களே. யாரக் கேட்டு எடுத்தீங்க?"

பதிலுக்காக நிற்காமல் அண்ணன் போன வழியே நடந்தாள்.

விசாரணை முடிவு வந்தது. கேப்டனின் அலட்சியம் என்று எழுதப்பட்டிருந்தது. சம்மட்டி ஆள் அடுத்த ஷிப்டுக்குச் சொல்லாமல் போனதும் எழுதப்பட்டிருந்தது. வெடிக்காத குழி இருந்தால் அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், கேப்டன் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் யாரும் கம்பி வைக்கலாம் என்று உத்தரவு வந்தது. அதைத் தமிழில் எழுதிக் கேஜ் வாசலில் ஒட்டியவன் நானேதான். கேப்டன் கொஞ்ச நாளில் வேறு தேசத்துச் சுரங்கத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்று கேள்வி. சம்மட்டி ஆளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. டிக்கெட் புதுப்பிக்கும் நாள் வந்தபோது அவர் பேர் மட்டும் பட்டியலில் இல்லை. நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அது அப்படியே நடந்தது. ஆனால் அதைச் சொல்லி என்னை நியாயப்படுத்திக்கொள்ள எனக்கு அப்போதே துணிவு வரவில்லை.

என் வேலை போகும் என்று எதிர்பார்த்து ஒவ்வொரு நாளும் ஆபீசுக்குப் போனேன். ஒரு மாதம் கழிந்தது. ஒருநாள் ஹெட் ரைட்டர் ஒரு சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். தட்டி வீட்டை விட்டுவிட்டுக் கல்சுவர் வீட்டுக்குப் போகலாம், மானேஜர் உத்தரவு என்றார்.

"எதுக்கு சார்?"

"விசுவாசமான ஆளுன்னு சொன்னாராம்."

மானேஜரின் கண்ணுக்கு நான் அன்று யாருக்காகப் பொய் சொன்னேன் என்பது அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் அது வேறு மாதிரி தெரிந்தது. ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டேன். இதை மறைக்க முடியாது. மழைக்காலம் வரப்போகிறது, மனைவி மாசமாக இருந்தாள், தட்டி வீடு ஒழுகும். வீட்டைப் பார்த்த என் மனைவி, "இது எதுக்குக் குடுக்கிறாங்க?" என்று கேட்டாள். வேலையை நன்றாகச் செய்கிறேன் என்று சொன்னேன்.

அந்த வீட்டில் இரண்டு வருஷம் இருந்தோம்.

பிறகு ஒருநாள் ஊருக்குப் போகப் பங்காருபேட்டையில் ரயில் மாற வேண்டியிருந்தது. சுரங்கத்துக்கு வந்த மரங்களை யார்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னா ரைட்டரே, நல்லா கீறீங்களா? வூட்ல கொழந்த பொறந்துச்சாமே?"

அவர்தான். ஒரு வழியாக, "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன்.

"என்னக் காப்பாத்தணும்னு நெனச்சீங்க. அது எனக்குத் தெரியும் தம்பி. கெட்டவரு இல்ல நீங்க. ஆனா எம் மச்சான் செத்ததுல எனக்கு ஒரு பங்கு கீது. அத்த நீங்க தூக்கிக்கினு பூட்டா எங்கிட்ட இன்னா மிஞ்சும், சொல்லுங்க?"

தங்கையைப் பற்றிக் கேட்டேன். ஒரு வருஷம் அவரோடு பேசவில்லையாம். "அப்புறம் ஒரு நா எலை போட்டு சோறு வெச்சா. ஒண்ணும் சொல்லல. வெச்சா. சாப்ட்டேன்" என்றார். அவளும் அங்கேயேதான், ரயில் ரோட்டு வேலையில் இருப்பதாகச் சொன்னார்.

"அன்னிக்கு நான் சொன்ன இங்கிலீஷ் உங்களுக்கு எப்படிண்ணா புரிஞ்சிது?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க புரிஞ்சிது? நீங்க பெரிய இங்கிலீஷு. 'நாட் ஷூர்'னு ஒண்ணு காதுல விழுந்துச்சி. வெடி வெக்கறப்பல்லாம் கேப்டன் எங்கள 'ஷூர்? ஷூர்?'னு கேட்டுக்கினே இருப்பாரு. அந்த ஒரு வார்த்ததான் எனக்கு நல்லாத் தெரியும். நான் ஷூராத்தான சொன்னேன், இவரு ஏன் 'நாட்'னு சொல்றாருன்னு பாத்தேன்."

யார்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வரேன் தம்பி என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஊரிலிருந்து திரும்பியதும் அந்த வீடு எதற்குக் கிடைத்தது என்பதை என் மனைவியிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "ரெண்டு வருசம் என்னையும் இதுல படுக்க வெச்சீங்களே" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஊருக்குப் போனபோதே எங்கள் பக்கத்து மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன், கிடைத்தது.

புறப்பட்ட அன்று ஹெட் ரைட்டர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தார். வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"எம் மேல வருத்தம் வெச்சுக்காதேப்பா. அந்த வீட்டை நான்தான் சொல்லி வாங்கிக் குடுத்தேன். நீ மனசு ஒடிஞ்சு வேலையை விட்டுடுவேன்னு பயந்தேன். உன்கிட்ட கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே. அதான் மானேஜர் பேரைச் சொன்னேன். உனக்கு நல்லதுன்னுதானே செஞ்சேன்?"

அப்படியானால் விசுவாசமான ஆள் என்று மானேஜர் சொல்லவே இல்லையா? கேட்பதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது. அவர் கை அசைத்துக்கொண்டு நின்றார். மெய்யாகவே என் மேல் பிரியம் வைத்திருந்த மனிதர். கொட்டகையில் அதிகாரியிடம் நான் சொன்ன அதே பதில் என்று நினைத்தபடி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தையை என் கையிலிருந்து மனைவி வாங்கிக்கொண்டாள்.